பார்க்காமல் சொன்ன கடல்

"ஹலோ... ஹலோ, எங்கடா இருக்கே பலகைக்காரா?... ஹலோ. காதுக்குள்ளயும் மணல அள்ளிப் போட்டுக்கினியா?... யாரு?... யாரு பேசறது?"

தேசப்பன் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டான். கன்னியப்பனின் செல்லுக்குத்தான் அடித்தான். எடுத்தது ஒரு பெண். ஆறு வருஷமாகக் கேட்காத குரல், ஆனால் ஆறு வருஷத்தில் மறந்துபோகிற குரல் இல்லை. கூடப் பிறந்த தங்கச்சி பூவிழி. உள்நாட்டில் மல்லாட்டைக் கடலை பயிரிடுகிற குடும்பத்துக் கன்னியப்பனோடு அவள் ஓடிப்போன அன்று, இனிமேல் அவளோடு பேசினால் என் வாயில் உப்பு விழட்டும் என்று குப்பமே கூடியிருந்த இடத்தில் சபதம் போட்டவன் தேசப்பன். இப்போது மரக்காணத்து உப்பளம் ஒன்றில் காவல்காரனாக இருக்கிறான். வாயில் மட்டுமா, மூக்கிலும் கண்ணிலும் உப்புதான்.

"போன அவங்கிட்ட குடு... யாரா இருந்தா இன்னா, உப்பளத்துலருந்துன்னு சொல்லு... ஆமா... ஆமா, நான்தான். தெரியுது இல்ல, அப்பறம் இன்னா கேள்வி? அவனக் குடு... இல்லையா? எங்க போயிட்டான்?... எறங்கிட்டானா? கடல்லயா?... எப்ப?"

இரண்டு மாசமாகத் தினமும் காலை ஆறு மணிக்கு இந்தக் கொட்டகை போன் அடிக்கும். கன்னியப்பன்தான். பொம்மையார்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதி ஒன்றில் அவனுக்கு வேலை. அங்கே ஒரு துரை, பலகைமேல் நின்றுகொண்டு அலையில் சறுக்குகிறவன். தேசப்பனின் குப்பத்துக்கு வடக்கே மணல் திட்டில் அலை நன்றாக மடிகிறதென்று யாரோ சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு அலை எப்படி என்று கன்னியப்பன் கேட்பான். தேசப்பன் சொல்வதை வைத்து வண்டியில் பலகையைக் கட்டிக்கொண்டு இருபத்தைந்து கிலோமீட்டர் வருவார்கள்.

தேசப்பனுக்கு இதைவிடக் கேவலமான தொழில் உலகத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. அலை அடங்கட்டும் என்று கும்பிட்டுவிட்டுக் கடலில் இறங்குகிறவன் மனுஷன். அலை வரட்டும் என்று கும்பிடுகிறவனுக்கு என்ன பேர் வைப்பது? அதிலும் அந்தப் பலகையைச் சுமக்கிறவனுக்கு? பெயர் கிடைக்காததால் பலகைக்காரன் என்று வைத்திருந்தான். ஆனாலும் போன் அடித்தால் எடுப்பான். சபதம் தங்கச்சியோடு பேசுவதில்லை என்றுதானே, இவனோடு இல்லையே. கடலைப் பற்றி அவனிடம் கேட்க உலகத்தில் வேறு ஆள் இல்லை.

இதில் ஒரு சின்ன விஷயம். தேசப்பன் கடலைப் பார்ப்பதில்லை. போன் அடித்ததும் கொட்டகை வாசலில் நின்று காற்றை மோந்து பார்ப்பான். பாத்தியில் கட்டியிருக்கிற உப்புத்தண்ணீர் எவ்வளவு சிலுசிலுக்கிறது என்று பார்ப்பான். இடுப்பு மட்டம், ஆள் மட்டம் என்று ஒரு கணக்குச் சொல்லுவான். இருபத்தைந்து வருஷம் கடலில் கிடந்தவன், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இன்று பாத்தித் தண்ணீர் கண்ணாடி. கடல் தட்டில் ஊற்றின கஞ்சி மாதிரி கிடக்குது, உன்னைப் போல ஆளுக்குத் தோதானது என்று ஏளனமாகச் சொல்லி வைத்தான்.

ஏழரைக்குக் மீன் கூடைக்காரி அஞ்சம்மாள் வெறுங்கூடையோடு வந்தாள். ஒரு போட்டும் இறங்கவில்லை, இறங்கப் பார்த்த ஒன்று கரையிலேயே கவிழ்ந்து மோட்டார் தண்ணீருக்குள் போய்விட்டது என்றாள். காற்றே இல்லாமல் எங்கோ தூரத்திலிருந்து புரண்டு வருகிற கடல். சித்திரையில் அப்படி ஒன்று வரும். அதைப் பாத்தியில் பார்க்க முடியாது, கடலில்தான் பார்க்க வேண்டும். இறங்காதே என்று சொல்லத்தான் கன்னியப்பனுக்கு அடித்தான்.

"அந்தத் துரை எங்க?... வயித்தால போவுதா. போவட்டும். அதான் உன்னக் கூட்டிக்கினு வந்துட்டானா. அப்ப இவன் தனியாவா எறங்கினான்? நீச்சல் தெரியுமா?... கெணத்துலயா. ரொம்ப சந்தோஷம். கெணத்துல அலை எத்தினி மட்டம் வரும்னு கேட்டு வெச்சியா?... சிரிக்கல, நான் சிரிக்கல. நீ கரையில இன்னா பண்ணிக்கினு இருந்தே? கடல்காரன் வூட்ல பொறந்தவதானே, கண்ண எங்க வெச்சிருந்தே?... இன்னா?... யாரு சொன்னாங்கன்னு?"

அவள் சொன்னதைக் கேட்டு, வாய் வரைக்கும் வந்திருந்த வசவு ஒன்று அங்கேயே நின்றது. அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவள் கடலைச் சரியாகவே பார்க்கவில்லையாம். ஆறு வருஷம் பேசாதவன்மேல் ஒருத்தி வைத்திருக்கிற நம்பிக்கையா இது? முட்டாள் குடும்பம். அதில் மூத்தவன் அவன்.

"சரி. அழுவாத. நீ அழுதா எனக்கு ஒண்ணும் கேக்கல... எவ்ளோ தூரத்துல இருக்கான்?... ரெண்டு கல்லெறி. அலை ஒடையற எடத்தத் தாண்டியா, உள்ளயா?... தாண்டி. பலகை கையில இருக்குதா?... பலகைக்கும் காலுக்கும் கயிறு?... நாய்க்குக் கட்டற மாதிரி. நல்லதுதான், அவுக்கக் கூடாதுன்னு கத்தி சொல்லு... இல்ல, நீ எறங்காத. பூவிழி, எறங்காதன்றேன். முட்டித் தண்ணிக்கு மேல ஒரு அடி வெச்சே, நான் இங்கருந்து... நான் இங்கருந்து ஒரு மயிரும் புடுங்க முடியாது, அதனாலதான் சொல்றேன், எறங்காத."

"...கரையில வேற யாரு?... எல்லாம் கவுந்த போட்டுக்கிட்ட போயிட்டானுங்களா. தெக்க... ஓடினா எவ்ளோ நேரம்?... வேணாம். நீ ஓடினா எனக்கு அங்க யாரு கண்ணு? அவன் திரும்பப் பாக்கறானா?... வரப் பாக்கறானா? வேணாம்னு சொல்லு. அங்கயே பலகைமேல படுத்துக் கெடக்கச் சொல்லு. அங்க கெடந்தா சாவ மாட்டான், மெதப்பான். அவசரப்பட்டு வந்தாதான் கரையில பொணமாத் தள்ளும்... ஆமா, பொணம்னுதான் சொன்னேன். வேற எப்படி சொல்றது, அவனுக்குப் புரியணும் இல்ல?"

"...இப்ப கேளு. போனக் கடலுக்குக் காட்டு... கடலுக்குத்தான். கைய நல்லா நீட்டிப் புடி. முந்நூறு எண்ணு, அப்பறம் காதுல வை. நடுவுல வெக்காத... முந்நூறுதான். அவசரமா எண்ணாத, அரிசி அளக்கற மாதிரி எண்ணு."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கம்பி வழியாகக் கடல் வந்தது.

இந்தச் சத்தம் கேட்கக் கூடாதென்றுதான் அவன் இந்த வேலைக்கு வந்தான். கரைக்கு இரண்டு கிலோமீட்டர். நடுவில் சவுக்குத் தோப்பு, பக்கத்தில் லாரி போகிற ரோடு. அதுவும் போதாமல் நாளெல்லாம் ரேடியோ. இப்போது அந்தக் கடலே காதுக்குள் வந்து உடைகிறது. வைத்துவிடு என்று கை சொன்னது. வைக்கவில்லை. இந்தப் பயத்தை வைத்துக்கொண்டா அடுத்தவனை ஏளனம் பண்ணினேன் என்று ஒரு பக்கம் அவனுக்கே சிரிப்பு வந்தது. மேஜைமேல் படிந்திருந்த உப்புத் தூசியில் விரலால் ஒரு கோடு போட்டான். இரண்டாவது. மூன்றாவது. மூன்றோடு நிற்கும், எப்போதும் அப்படித்தான். பெரிய அலை மூன்று வந்தால் பிறகு கொஞ்ச நேரம் கடல் ஓயும், அந்த ஓய்வில்தான் போட்டை ஏற்றுவதும் இறக்குவதும். நிற்கவில்லை. நாலு. ஐந்து. அப்புறம் ஒரு அமைதி, கல்யாண வீட்டில் பந்திக்கு இலை போட்டதும் விழுகிற அமைதி மாதிரி. எண்ணினான். தொண்ணூறு வரைக்கும் போனது. மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து.

"பூவிழி?... எண்ணிட்டியா? நல்லா கேளு. இன்னைக்கு மூணு இல்ல, அஞ்சு... தெரியும், அப்பா மூணுன்னுதான் சொல்வாரு. அவுரு சொன்னது காத்துல கெளம்பற கடலுக்கு. இது வேற. மூணு முடிஞ்சிதுன்னு இவன் வந்தான்னா, நாலாவது அலை அவன் வேற பலகை வேறயா கொண்டாந்து குடுக்கும். அஞ்சாவது ஒடைஞ்சதும் நீ முந்தானைய வீசு. வீசினதும் ரெண்டு கையாலயும் தண்ணியத் தள்ளிக்கினு நேரா கரைக்கு வரணும். படுத்துக்கினே. நிக்கக் கூடாது. துரை மாதிரி எழுந்து நின்னான்னா நானே வந்து தள்ளி வுடுவேன்... சொல்லிட்டியா?... கைய ஆட்றானா. ஆட்றத நிறுத்திட்டு படுக்கச் சொல்லு, அங்க இன்னா தேர்தல் பிரசாரமா?"

"...போன பக்கத்துலயே வெச்சிக்க. எனக்கு அலையும் கேக்கணும், உனக்கு நானும் கேக்கணும்... ம்... இது சின்னது, வுடு... இதுவும் வுடு... தோ வருது. ஒண்ணு... ரெண்டு... மூணு... இரு. இப்ப இல்ல. முந்தானையக் கீழ எறக்கு, அவன் பாத்துட்டுக் கெளம்பிடப் போறான். கேணச் சிறுக்கி, எறக்கு... நாலு... கேட்டியா, இதுதான் கொல்றது... இரு... அஞ்சு. வீசு. இப்ப வீசு."

"...வர்றானா?... பூவிழி... ஹலோ?"

போனில் புடவை படபடக்கிற சத்தம். அவள் கூப்பிடுகிற சத்தம். தேசப்பன் தொண்ணூறை எண்ணத் தொடங்கினான். முப்பது. உள்நாட்டான், கையில் என்ன பலம் இருக்கப் போகிறது. நாற்பது. மண்வெட்டி பிடித்த கைதான், இருக்கும். ஐம்பத்தைந்து. பலகை சுமந்த தோள். அறுபது. இரண்டு மாசமாக அந்த ஆள் ஒரு நாளாவது முகம் கோணிப் பேசினானா? எழுபது. நன்றி சொல்லாமல் ஒரு நாள் போனை வைத்தானா? எண்பது. எண்பதுக்கு மேல் எண்ண வாய் வரவில்லை.

"...இன்னா?... வந்துட்டானா?... மேல வந்துட்டானா, தண்ணியிலயே நிக்கிறானா? இழு. தரதரன்னு இழு, சவுக்கு ஓரம் வரைக்கும் இழு... தண்ணி குடிச்சிருக்கானா? குப்புறப் போடு. முதுகுல தட்டு. பலமா... இன்னும் பலமா. எனக்காவ ரெண்டு தட்டு... ம். எல்லாம் வரட்டும். துரை வூட்டு காப்பி உட்பட வரட்டும்."

தேசப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டான். போன் கம்பி அவ்வளவு தூரம்தான் எட்டியது, தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

"...குடு... யாரு, பலகைக்காரரா? கடல ஏர் ஓட்டி முடிச்சீங்களா? எத்தினி மூட்டை தேறிச்சி?... பேசாத, மூச்ச இழு... இன்னாத்துக்கு நன்றி? வாய மூடு... யாரத் தேடறே?... திரும்பித் திரும்பிப் பாக்காத, நான் அங்க இல்ல... தோப்புலயும் இல்ல. உப்பளத்துல. கொட்டாயில... ஆமா, காதாலதான்... பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. இன்னொரு தரம் அப்படிச் சொன்னே, போன வெச்சிடுவேன்."

"...ஏம்பா. கன்னியப்பா. கேளு. கடல் கஞ்சி மாதிரி கெடக்குதுன்னு காலைல சொன்னேன் இல்ல?... நான் பாக்கல... இன்னைக்கு மட்டும் இல்ல. ரெண்டு மாசமா உனக்கு சொன்ன அலை ஒண்ணியும் நான் பாத்தது இல்ல. பாத்தித் தண்ணியப் பாத்து அளந்து வுட்டது. சுனாமி அன்னைக்கு ஓட ஆரம்பிச்சவன், உப்பளத்துல வந்துதான் நின்னேன். பதினாறு மாசம் ஆச்சு. இன்னும் நின்னுக்கினுதான் இருக்கேன்... பெரிய கடல்காரன்னு நெனச்சி என்னைக் கேட்டே பாரு, உன் தலையெழுத்து... திட்டு. திட்டறதா இருந்தா திட்டு."

"...இன்னா?... லூசாடா நீ? செத்துப் பொழச்சி முழுசா அஞ்சு நிமிஷம் ஆவல, சாப்டியான்னு என்னைக் கேக்கறே?... இன்னும் இல்ல... இட்லியா. யாரு செஞ்சது?... ம்."

ரிசீவர் கை மாறியது தெரிந்தது.

"...ஆங், சொல்லு... வர்ல... வர்லன்னா வர்ல. வழி தெரியாதா எனக்கு? ரெண்டு தரம் கெளம்பினேன். தோப்பு வரைக்கும் வருவேன், சத்தம் கேட்டதும் கால் தானாத் திரும்பிக்குது. பொதி சொமக்கற கழுதைகூட அவ்ளோ ஒழுங்கா வூடு திரும்பாது... தெரியும், இப்ப கேட்டேன்தான். போன்ல கேட்டது... முந்நூறு எண்ற வரைக்கும் கேட்டேன், ஆமா. வெக்கலதான். நீ எதுக்கு இப்ப மறுபடியும் அழுவறே?"

மேஜைமேல் ஐந்து கோடுகள் இருந்தன. தேசப்பன் அதை உள்ளங்கையால் அழித்தான். சட்டையில் துடைத்தான்.

"...அவன் வண்டி ஓட்ற நெலமையில இருக்கானா?... ஈரமா இருந்தா பரவால்ல. மாப்ளைய வண்டி எடுத்துக்கினு இங்க வரச் சொல்லு... ஆமா, மாப்ளைன்னுதான் சொன்னேன். ஒரு தரம்தான் சொல்வேன், கேக்கலன்னா போ... தனியா வந்தா பாதியில திரும்பிடுவேன், பூவு. பின்னாடி உக்காந்துட்டா எறங்கி ஓட முடியாது இல்ல, அதுக்குதான்... மெதுவால்லாம் வேணாம். தோப்பு வந்ததும் வேகமா ஓட்டச் சொல்லு. நான் நிறுத்துன்னு கத்துவேன். நிறுத்தக் கூடாதுன்னு சொல்லு."

அவள் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் தேசப்பன் ரிசீவரை வைத்துவிட்டான். இன்னும் இரண்டு நிமிஷம் பேசினால் மாற்றிச் சொல்லிவிடுவான் என்று அவனுக்குத் தெரியும்.