இரண்டாவது ப்ராசஸர்

இரவு ஒரு மணி. இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கிற கிடங்குகள், நடுவில் நீளமாக ஒரு சாலை. ஆள் நடமாட்டமே இல்லை... ஒரே ஒரு ஸ்கூட்டர். ஓட்டுவது என் சிநேகிதியின் சித்தி.

ஏய், போர்வையை இழுக்காதே. இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை.

முதலில் சித்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சர்வர் பழுது பார்ப்பவள். பெரிய கட்டடங்களின் கீழ்த்தளத்தில் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்குமே கம்ப்யூட்டர்கள்... அவற்றுக்கு உடம்பு சரியில்லை என்றால் சித்திக்குத்தான் போன் வரும். என் சிநேகிதி பொய் சொல்வாள், ஒத்துக்கொள்கிறேன். சித்தி சொல்ல மாட்டாள். அவள் வாய்க்குப் பொய்யே தேவையில்லை. உண்மையைச் சொல்லியே ஆளை ஓட ஓட விரட்டிவிடுவாள். அன்றைக்குப் பாதி வழியில் ஸ்கூட்டர் விளக்கு மினுக் மினுக்கென்று அணைந்து அணைந்து எரிந்தது. நாமாக இருந்தால் அப்படியே திரும்பியிருப்போம். சித்தி விளக்கின் மண்டையில் ஓங்கி ஒன்று வைத்தாள். அது ஒழுங்காக எரிந்தது.

அவள் போன இடம், ஆம்புலன்ஸ் கேட்டு வரும் போன்களை எடுக்கிற அலுவலகம். மாடியில் போன் எடுக்கும் பெண்கள். கீழே சர்வர். வருகிற ஒவ்வொரு அழைப்பும் அதற்குள் போகும். எந்த வண்டி பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்து அது அனுப்பும். கொஞ்ச நாளாக அது திணறிக்கொண்டிருந்தது. அழைப்புகள் வரிசை கட்டி நின்றன. முந்தின வாரம் ஒருவர், மகளுக்கு மூச்சு விட முடியவில்லை என்று கூப்பிட்டுவிட்டு லைனிலேயே காத்திருந்தார்... வண்டி போய்ச் சேர்ந்தபோது அங்கே அவசரம் எதுவும் மிச்சமில்லை.

சித்திக்கு அது தாங்கவில்லை. என்ன கோளாறு என்று வீட்டிலிருந்தே பார்த்துவிட்டாள். அந்த சர்வருக்கு ப்ராசஸர், அதாவது மூளை, இரண்டு. ஓடுவது ஒன்றுதான். இரண்டாவதை யாரோ வேண்டுமென்றே அணைத்து வைத்திருக்கிறார்கள். அதோடு ஒட்டிய மெமரியும் சேர்ந்தே படுத்துவிட்டது. பாதி உடம்பு மரத்துப்போனவனை மூட்டை தூக்கச் சொன்ன கதைதான்.

வாசலில் காவலாளி. வயதானவர் இல்லை, நல்ல வாட்டசாட்டமான ஆள். ஆனால் சித்தியின் பையைப் பார்த்ததுமே முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், எத வேணா பாருங்க. ரெண்டாவத மட்டும் தொடாதீங்க."

"ஏன், கடிக்குமா?"

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அங்கே முன்பு ஒருவர் வேலை பார்த்தார். டார்ச் விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டேதான் வேலை செய்வாராம். எல்லோருக்கும் அவர் டார்ச்சண்ணன். இரண்டாவது ப்ராசஸரை மாட்டியதே அவர்தான். மாட்டிவிட்டு சர்வரைத் திரும்ப எழுப்பினார். அது கண் விழிக்கும்போது, வேறெதுவும் ஓடுவதற்கு முன்னால், ஒரு பட்டனை அழுத்தினால் பயாஸ் என்று ஒரு திரை வரும். எந்த ப்ராசஸர் வேலை செய்ய வேண்டும், எவ்வளவு மெமரி கணக்கில் வர வேண்டும், எல்லாம் அங்கேதான் வைப்பார்கள். அந்தத் திரையில் இருக்கும்போது நெஞ்சு வலி. சுவரில் போன் இருந்தது. எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்...

யோசித்துப் பாருங்கள். அந்த அழைப்பை வாங்க வேண்டிய இயந்திரம் எது? அவர் கைக்குக் கீழே பாதியில் நிற்கிறதே, அதுதான். மாற்று இயந்திரம் அப்போது கிடையாது. அழைப்பு உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. காலையில் தரையில் கிடந்தார், போன் கையிலேயே.

"அப்பலருந்து ரெண்டாவத ஆன் பண்ணா அந்த ரூம்லருந்து மேல போன் வரும் மேடம். வயரையே வெட்டியாச்சு. அப்பவும் வருது."

"வந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஒடனே ஆஃப் பண்ணிடுவாங்க. இங்க வர்ற எல்லா இன்ஜினியருக்கும் மொதல்லயே சொல்லிடுவோம்."

சித்திக்கு மூக்கு நுனி வரை கோபம். "செத்தவருக்குப் பயந்துக்கிட்டு, உசுரோட இருக்கறவங்கள லைன்ல நிக்க வெச்சிருக்கீங்க. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்! வழிய விடுங்க."

கீழே இறங்கினாள். கும்மென்று மின்விசிறிச் சத்தம். பல் கிட்டிக்கிற குளிர். சுவரில் அந்த போன், வெட்டிய வயர் வால் மாதிரி தொங்குகிறது. அப்புறம் ஒரு வாசனை... வலித்தைலம். நெஞ்சில் தேய்த்துக்கொள்வோமே, அந்தக் காரமான வாசனை. சித்திக்கும் பயம் இருந்தது. அவளே சொன்னாள். இருந்தாலும் பையைத் திறந்தாள்.

மாற்று இயந்திரத்தை ஓட விட்டாள். சர்வரை நிறுத்தி எழுப்பினாள். பட்டனை அழுத்தினாள். பயாஸ் திரை. இரண்டாவது ப்ராசஸர்... அணைந்திருக்கிறது. அதை இயக்கத்துக்கு மாற்றினாள். மெமரியின் பக்கத்துக்குப் போய் எல்லா மெமரிப் பட்டைகளும் கணக்கில் வருகிற மாதிரி வைத்தாள். சேமித்தாள்.

திரை இருண்டது.

விசிறிகள் ஒரேயடியாக நின்றன... பிறகு மெதுவாக, ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தன. மெமரியின் அளவு திரையில் வந்தது. முழுசாக, இரண்டு மடங்கு. சர்வர் எழுந்து உட்கார்ந்துவிட்டது. அழைப்புகளை அதன் கைக்கு மாற்றினாள். வரிசை மளமளவென்று குறைந்தது. காத்திருந்த அத்தனை பேருக்கும் வண்டி கிளம்பிவிட்டது. வரிசையில் ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர.

சித்தியின் கைப்பேசி அடித்தது. மாடியில் போன் எடுக்கும் பெண்.

"மேடம், கீழருந்து கால் வருது... உங்க ரூம்லருந்து. ஆஃப் பண்ணிடுங்க மேடம், ப்ளீஸ்."

சித்தி சுவரைப் பார்த்தாள். போன் தாங்கியில்தான் இருந்தது. வயர் ஆடிக்கொண்டிருந்தது.

"எடும்மா."

"மேடம், யாருமே எடுத்ததில்ல..."

"அதான் அவரு திரும்பத் திரும்பக் கூப்பிடறாரு. போன் எடுக்கத்தான உக்காந்திருக்க? எடு."

எடுத்தாள். பிறகு அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள், ஓர் ஆண் குரல், பின்னால் விசிறிச் சத்தம்... நெஞ்சு வலிக்குது, கீழ்த்தளத்தில் இருக்கேன், சீக்கிரம் வாங்க என்கிறது.

"நான் என்ன பண்ணட்டும் மேடம்?"

"மத்தவங்களுக்கு என்ன பண்ணுவ? வண்டி அனுப்பு."

இப்போது தைல வாசனை அறையை நிறைத்தது. பட்டன் கைக்கு எட்டும் தூரத்தில்தான். ஒரு நிமிடத்தில் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இதுவரை எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். சித்தி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். எதிரே இருந்த வெறும் தரையைப் பார்த்து, "வண்டி வருதுண்ணே. யாரும் எதையும் அணைக்க மாட்டாங்க. நான் இங்கயேதான் இருக்கேன்" என்றாள். பேய்க்கு ஆறுதல் சொன்னது உலகத்திலேயே சித்தி ஒருத்தியாகத்தான் இருக்கும்.

வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு ஆட்கள், ஒருவர் குண்டு, ஒருவர் ஒல்லி.

"பேஷன்ட் எங்கக்கா?"

சித்தி தரையைக் காட்டினாள்.

"யாருமே இல்லையே?"

"கால் வந்துச்சா இல்லயா? வண்டி அனுப்புனாங்களா இல்லயா? அப்பறம் என்ன, தூக்குங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராத்திரி நேரத்தில் இந்த அம்மாவோடு யார் மல்லுக்கட்டுவது என்று நினைத்திருப்பார்கள். ஸ்ட்ரெச்சரைத் தரையோடு தரையாக வைத்தார்கள். சித்தி விடவில்லை, ஆளைக் கட்டுகிற பட்டையை மாட்டச் சொன்னாள். மாட்டினார்கள். வெறும் ஸ்ட்ரெச்சருக்குப் பட்டை!

அந்த சர்வர் இன்றைக்கும் இரண்டு ப்ராசஸரோடுதான் ஓடுகிறது. அதற்குப் பிறகு அங்கே கூப்பிட்டவர்கள் யாரும் லைனில் நிற்கவில்லை. இரண்டாவதை அணைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து ஒருவர் கேட்டாராம். நீங்களே வந்து அணைச்சுக்குங்க என்றாளாம் சித்தி. அவர் வரவில்லை.

ஆனால் படிக்கட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே...

அங்கே லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. படியில்தான் தூக்க வேண்டும். குண்டானவர் முன்னால், ஒல்லியானவர் பின்னால், அவருக்கும் பின்னால் சித்தி. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அவர்களும் சிரித்துக்கொண்டுதான் ஏறினார்கள்... முதல் சில படிகள்.

பிறகு சிரிப்பு நின்றது. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும். பாதிப் படியில் ஒல்லியானவர் நின்றுவிட்டார். திரும்பவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"அக்கா..." என்றார் மெதுவாக. "கால் பக்கம் ஒரு கை குடுங்க. ஆள் ரொம்ப கனமா இருக்காரு."