ஏழு ஜோடி, எட்டுத் தலை

மாலை நாலு இருபது. அர்க்கித் தீவின் பின்பக்கக் குடாவில் வேறு படகு இல்லை.

விளக்கைத் தணியுங்கள். இது என் அக்கா மிர்ட்டோவின் கணவர் ஸ்த்ராதிஸுக்கு நடந்தது. பாய்மரப் படகின் கேப்டன். பயணிகளைச் சனிக்கிழமை ஏற்றினால் அடுத்த சனிக்கிழமை இறக்குவார். ஏழு நாள், ஐந்து தீவு. படகில் ஏறும்போதே காலணியைக் கழற்றிக் கூடையில் போட வேண்டும். நங்கூரம் எடுக்குமுன் ஸ்த்ராதிஸ் கூடையைத்தான் பார்ப்பார்.

"தலை அலையும். செருப்பு அலையாது" என்பார்.

அன்று வடகாற்று எழுந்தது. கூடையில் ஏழு ஜோடி. ஏழு பேர். கிளம்பிவிட்டார்.

நீந்தப் போகிறவன் செருப்போடு போவதில்லை.

பந்தெலிஸ் என்ற பயணி அப்போது பாறைக்கு அப்பால் நீந்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி லூக்கியா, கணவர் முன்னறையில் தூங்குவதாக நினைத்தாள். அடுத்த தீவான லிப்ஸியின் துறையில் படகைக் கட்டினார்கள். மற்றவர்கள் காலணி மாட்டிச் சாப்பிடப் போனார்கள். லூக்கியா எழுப்பப் போனாள்... படுக்கை காலி.

அவள் துறையில் தேட ஓடினாள். ஸ்த்ராதிஸுக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் போக ஒன்றரை மணி நேரம். உண்மையைச் சொன்னால் உரிமம் போகும். கூடையில் ஒரு ஜோடி மிஞ்சியிருந்தது. பழுப்புத் தோல். எடுத்துக் கடலில் போட்டார். மிதந்தது. கொக்கிக் கழியால் அமுக்கினார். குமிழி வந்தது... நின்றது. பிறகுதான் கடலோரக் காவலரைக் கூப்பிட்டார்.

"ஷூவக் காணோம் சார். இங்கதான் எறங்கியிருக்காரு."

"பொண்டாட்டி தொல்லை தாங்காம ஓடிட்டாரோ?" காவலர் சிரித்தார்.

விடியும்வரை லிப்ஸியின் மதுக்கடைகளில் தேடினார்கள். துறையில் பார்த்ததாக ஒருவன் சத்தியமே செய்தான். காலையில் மீனவர் ஒருவர் அர்க்கிப் பாறையில் பந்தெலிஸைப் பிணமாகக் கண்டார். உடலில் சூடு ஆறவில்லையாம். விரல்களில் நகமில்லை.

ஸ்த்ராதிஸ் அக்காவிடம் மட்டும் சொன்னார். அக்கா என்னிடம். துறையில் பார்த்தவனின் சத்தியத்தை நம்பி, வேறு படகில் அர்க்கிக்குத் திரும்பியிருப்பார் என்று காவலர்கள் வழக்கை முடித்தார்கள்.

அடுத்த கோடையில் அவர் தலைகளை எண்ணத் தொடங்கினார். விரல் நீட்டி, உரக்க. அக்கா சமையலுக்கு உடன் போனாள். பயணிகள் ஏழு, அக்கா எட்டு.

அந்தக் குடாவுக்கு மட்டும் போவதில்லை. ஒருநாள் மற்ற குடாக்களையெல்லாம் படகுகள் அடைத்திருந்தன. வேறு வழியில்லை. பயணிகள் குதித்தார்கள். அக்கா சமையல் துணியை உதறிப் போட்டாள்.

"ஒரே ஒரு முங்கு. கூடையப் பாத்துட்டு என்னையும் விட்டுட்டுப் போயிடாத!"

"வாய மூடுடி. இப்ப தலையத்தான் எண்றேன்."

அவள் சிரித்துக்கொண்டே பாறைப் பக்கம் நீந்தினாள்.

நாலு இருபது. காற்று எழுந்தது. ஸ்த்ராதிஸ் விரல் நீட்டினார். ஆறு... ஏழு. படகின் முன்முனையில் ஒரு ஆள், துண்டால் தலையை மூடி, முதுகு காட்டி. ஈரம் சொட்டியது. எட்டு.

நங்கூரச் சங்கிலி கடகடவென்று ஏறியது. வழியெல்லாம் தண்ணீரில் ஊறிய தோலின் வாடை. மீன்தூண்டில் பை நாறுகிறது என்றார்.

லிப்ஸியில் ஏழு பேரும் காலணி மாட்டி இறங்கினார்கள். துறைக்கல்லில் நின்று கேப்டனுக்குக் கையசைத்தார்கள். நடந்ததை அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். கூடையில் மிஞ்சியது அக்காவின் நீலச் செருப்பு மட்டும்.

"மிர்ட்டோ, போதும் உக்காந்தது. வா" என்றார் ஸ்த்ராதிஸ்.

முன்முனையில் இருந்த ஆள் எழுந்தது. துண்டைப் பிடித்திருந்த விரல்களில் நகமில்லை. வெறுங்கால்கள் பலகையில் சளக்... சளக்... என்று கூடையை நோக்கி வந்தன. அது குனிந்து பார்த்தது.

ஆண் குரல். மரியாதையான குரல்.

"கேப்டன், என் ஷூவ எங்க போட்டீங்க?"