வேல்கோவுக்குக் கேட்காதது

இந்த வருஷம் குடைமிளகாய் நன்றாகச் சிவந்திருக்கிறது, மகளே. சுட்டுத் தோலுரித்துப் பாட்டிலில் போட்டிருக்கிறேன். நகராட்சி ஆபீசுக்குத் திரும்பும்போது ஒன்று எடுத்துக்கொண்டு போ. என் கணவர் வேல்கோவுக்கு ஏன் காதுக்கருவி கிடைக்கவில்லை என்றுதானே கேட்டாய்? சொல்கிறேன்.

வாசகசாலையில் எங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவு வகுப்பு நடந்தது. மறதி நோய் வராமல் தடுக்க ஒரு டேனிஷ் டாக்டர் வந்திருந்தார். அவரவர் வாழ்வின் சந்தோஷமான நாளைச் சொல்லச் சொன்னார்கள். வேல்கோ எழுந்து கல்யாண நாள் என்றார். கை தட்டினார்கள். உட்கார்ந்ததும் சிநேகிதர் மின்கோவிடம் ரகசியம் சொன்னார். காது மந்தமானவருக்குத் தன் குரலின் அளவு எப்படித் தெரியும்?

“கல்யாணமாவது ஒண்ணாவது. கொழந்த தங்காம இவ ஆஸ்பத்திரில கெடந்தாளே, அன்னிக்கு இவ தங்கச்சி திமித்ராவோட கடலுக்குப் போனேன். அதாண்டா நாளு.”

“மெதுவாப் பேசுடா. தலைநகரம் சோஃபியா வரைக்கும் கேக்குது.”

யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்தவள் என் கையில் ஒரு புதினா மிட்டாயை வைத்தாள். அன்று தங்காமல் போனது பெண் குழந்தை, மகளே.

அடுத்த வாரம் டாக்டர் கருவிகள் கொண்டுவந்தார். காது மந்தமானால் பேச்சுத்துணை குறையும், நினைவும் மங்கக்கூடும் என்றார். மங்கட்டுமே என்று தோன்றியது. மொழிபெயர்க்கிற பெண் சிகரெட் பிடிக்க வெளியே போயிருந்தாள். டாக்டர் கருவியைத் தூக்கிக் காட்டி, வேண்டுமா என்று சைகையால் கேட்டார். வேல்கோ ஆசையோடு தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். நம் ஊரில் அது ஆமாம். டாக்டருக்கு அது தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். நானும் அப்படியே ஆட்டினேன். பொய் சொல்லவில்லை. கருவி மின்கோவுக்குப் போனது.

“எனக்கு ஏன் குடுக்கல, கிழவி?” என்று வழியெல்லாம் கேட்டார். உங்களுக்கு அவ்வளவு மோசமில்லையாம் என்று அவர் காதருகே கத்திச் சொன்னேன். கத்தியது அதுதான் கடைசி.

சீட்டாட வந்தவர்களிடம், கூட்டம் கண்டால் அவருக்குக் கோபம் வருகிறது என்றேன். வருவதை நிறுத்திக்கொண்டார்கள். முதலில் அவருக்குத் தெரு மறந்தது, பிறகு மின்கோ, போன குளிர்காலத்தில் நான். திமித்ராவின் பெயர் மட்டும் இன்னும் போகவில்லை. காத்திருக்கிறேன்.

அவரை நான் கைவிட்டதாக எழுதிவிடாதே. ஊட்டுகிறேன், குளிப்பாட்டுகிறேன். தினமும் காலையில், “ஏன் யாருமே எங்கிட்டப் பேச மாட்டேங்கறாங்க?” என்று அழுகிறார். ஒருநாளும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. மெல்லிய குரலில் சொல்வேன், அவ்வளவுதான்.