ஃபேன் நின்னுடுச்சு

— ஃபேன் நல்லாத்தானே ஓடுது?

— எந்த ஃபேன்?

— உங்க தலைக்கு மேல சுத்துதே, அதுதான். நான் உள்ள வந்ததும் போன்ல, "சரி சரி, ஃபேன் நின்னுடுச்சு"ன்னு சொல்லி வெச்சீங்களே... யாரு அது?

— ஆபீஸ் ஆளு. அது சும்மா ஒரு பேச்சு. அப்புறம் பேசலாம்னு அர்த்தம். பஸ்ல, கடையில, இப்ப எல்லாரும்...

— அர்த்தம் அது இல்லீங்க.

— ஓ, என் பொண்டாட்டிக்குத் தெரியாததா!

— ஒரு தையல் கடையில பொறந்த பேச்சு அது. பகல்ல ஃபேன் ஓடினா கட்டட ஓனருக்குப் பொறுக்காது. மாடிப்படியில அவர் செருப்புச் சத்தம் கேட்டா டக்குனு ஃபேனை நிறுத்திடுவாங்க. அவரைப் பத்தின வம்பும் அதோட நிக்கும். யாரைப் பத்திப் பேசறோமோ அந்த ஆளே வந்தாச்சு, வாயை மூடு... அதுதான் அர்த்தம்.

— அட! இத்தனூண்டு பேச்சுக்கு இவ்ளோ கதையா?

— மழுப்பாதீங்க. அப்ப என்னைப் பத்தித்தான் பேசிட்டிருந்தீங்க. யார்கிட்ட?

— அதான் சொன்னேனே, ஆபீஸ் ஆளுன்னு.

— அந்தத் தையல் கடை என் தம்பியோடது. அவன் வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு மூணு வருஷமா வீம்பு புடிக்கறது யாரு? என்னையும் போகக்கூடாதுன்னது யாரு?

— சரி... நான் அங்க போயிட்டுதான் இருக்கேன். ஆபீஸ் விட்டு வர்ற வழியில. ஒருநாள் மழைக்கு ஒதுங்கினேன். "மேல வாங்க மாமா"ன்னு கூப்பிட்டான்...

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?

— எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? தடை போட்டதே நான். இப்பகூட போன்ல அவனைத்தான் திட்டிட்டிருந்தேன். அக்காவைப் பாக்க வாடான்னா சிரிக்கறான்! நீ எப்படி இருக்கேன்னு ஒரு தடவைகூட கேட்டதில்ல. கல்நெஞ்சக்காரன்.

— கேக்க மாட்டான்.

— ஏன்? ...இரு, இரு. நாங்க சண்டை போட்டப்ப அவன் கடை தெருவோரமா இருந்துச்சு. மாடிக்குப் போனதே இந்த வருஷந்தான். மாடிப்படி, செருப்புச் சத்தம்... இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

— இருட்டிடுச்சே. லைட்டைப் போடட்டுமா?

— மழுப்பாதே. பகல்ல பொத்தான் தைக்க ஒரு அம்மா வர்றாங்கன்னான். சுவிட்ச் பக்கத்துல அவங்க நாற்காலி. அதுல ஒரு தலகாணி... நம்ம வீட்டுல காணாமப் போச்சே, அதே மாதிரி...

— செருப்புச் சத்தம் கேட்டதும் ஃபேனை நிறுத்தறதே நான்தாங்க.