அவர் போட்ட பிரேக்

இல்லண்ணே, பாக்கறதெல்லாம் வேணாம், ஒரேடியா மாத்திடுங்க. பிரேக் ட்ரம்மை லேத்துல போட்டுக் கடைஞ்சிடுங்க. பிரேக் ஷூ, ஸ்பிரிங், கேபிள், இன்னும் என்னென்ன உண்டோ அத்தனையும்.

கழட்டிப் பாக்காம சொல்ல மாட்டீங்களா? சரி, கழட்டுங்க. பாத்துண்ணே. பைக்கோட முன் சக்கரத்தை முழுசாப் போர்வையில சுத்தி மடியில வெச்சுக்கிட்டுத்தான் ஆட்டோவில வந்தேன். ஆட்டோக்காரரு ஒவ்வொரு தடவை பிரேக் போடும்போதும் எனக்கு உயிரு போயிப் போயி வந்துச்சு. சிரிக்காதீங்க, நெசமாத்தான். இந்த ஒரு மாசமா தெருவுல யாராவது கிரீச்சுன்னு வண்டிய நிறுத்தினாலே கையில இருக்கறது கீழ விழுந்துடுது. நேத்து ஒரு டம்ளர். அதுக்கு முந்தின நாள் அரிசிக் கிண்ணம்.

உக்கார வேணாம்ண்ணே, நிக்கறேன். நீங்க கழட்டறதைப் பாக்கணும்.

வண்டி எங்க வீட்டுக்காரரோட மாமா ஓட்டினது. இவரை விடப் பத்து வயசு மூத்தது. மாமா போனப்புறம் கொட்டகையில துருப்பிடிச்சுக் கெடந்தத இழுத்துட்டு வந்து, ரெண்டு வருஷம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா உக்காந்து உயிர் குடுத்தாரு. பிரேக்கை மட்டும் கடைசிக்கு வெச்சிருந்தாரு. அந்தக் காலத்து பிரேக்கு, கெஞ்சிக் கேட்டாத்தான் நிக்கும்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. புது ஷூ எங்கயும் கிடைக்கல. வெச்சிருந்த ஒருத்தனும் யானை விலை சொன்னான். அப்புறம் இவரே ஷூ மேல ஒட்டியிருந்த பழைய லைனிங்கை உளியால சுரண்டி எடுத்துட்டு, புதுப் பட்டை வாங்கி வெட்டி ஒட்டி, ஹோஸ் பைப்புக்குப் போடுவாங்களே அந்தக் கிளிப்பு, அதைப் போட்டு இறுக்கி, பசை இறுகறதுக்கு என் கேக் அடுப்புல வெச்சு வேக வெச்சாரு. ஆமாண்ணே, கேக் அடுப்புலதான்! நாலு நாள் வீட்டுல மனுஷன் இருக்க முடியல, அப்படி ஒரு நாத்தம். கேபிள் இழுக்குமே அந்த இரும்புக் கை, அதையும் கொஞ்சம் நீளமா செஞ்சு மாட்டினாரு. ரெண்டு விரலால இழுத்தாலே போதும், உனக்காகத்தான்னாரு.

இல்ல, வண்டி மெக்கானிக் இல்ல. லிப்ட் மெக்கானிக்கு.

எப்படி ஆச்சுன்னா... தண்ணித் தொட்டி இருக்கற சரிவுல எறங்கினோம். கீழ ஒரு லாரி, ரிவர்ஸ்ல சந்துலேருந்து வெளிய வந்துச்சு. வண்டி நிக்கல. பின்னாடி உக்காந்திருந்த இவரு காலை ஊனிட்டாரு. முழங்காலுக்குக் கீழ ரெண்டு எடத்துல முறிஞ்சு போச்சு. எனக்கு இந்தச் சிராய்ப்புதான்.

ஆமா, நான்தான் ஓட்டினேன். அப்ப கத்துக்கிட்டு ரெண்டு வாரந்தான் ஆகியிருந்துச்சு.

கால் கூடிடும்னுட்டாங்கண்ணே. கவலை அதில்ல. இனிமே வேலைக்கே போக மாட்டேங்கறாரு. ஆபீஸ்லேருந்து ரெண்டு தடவை ஆள் வந்தாச்சு. ரெண்டு பேரை நிறுத்த முடியாத கை, லிப்டுல எட்டுப் பேரை எப்படிப் பிடிச்சு நிறுத்தும்ங்கறாரு. ஸ்பேனர் பெட்டிய யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டாரு. என் முகத்தைப் பாத்தா அழறாரு. உன்னைக் கொல்லப் பாத்தேனேம்மான்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு... பத்தொம்பது வருஷத்துல அந்த மனுஷன் அழுது நான் பாத்ததில்ல. இந்தச் சக்கரத்தைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிட்டாரு. அவருக்குத் தெரியாமத்தான் பக்கத்து வீட்டுக்காரரை விட்டுக் கழட்டிக் கொண்டாந்தேன்.

அது என்ன, சாக்பீஸா? ட்ரம்முக்குள்ள தேய்ச்சுச் சுத்தினா, ஷூ எங்க படுது எங்க படலன்னு தெரியுமா? சுத்துங்க.

ஷூ முழுக்க வெள்ளையா இருக்கே. அப்படின்னா? ... எல்லா எடத்துலயும் படுதா? ரெண்டு ஷூவுமா?

அப்ப ஒட்டினது பேந்திருக்கும். அந்த ஓரத்துல நெம்பிப் பாருங்க. இன்னும் நல்லா நெம்புங்கண்ணே. ... வரலியா?

ட்ரம்மு கோணலா இருக்குமோ? அந்த அளவு மீட்டரை வெச்சுச் சுத்திப் பாருங்க. முள்ளு அசையவே இல்லியா. எண்ணெய் எதுவும் கசிஞ்சு... அதுவும் இல்லியா. கேபிள் ஒரு இழை கூடவா அறுந்திருக்காது? நல்லாப் பாருங்கண்ணே. ஏதோ ஒண்ணு இருக்கும். ஒரு சின்னக் குறையாவது இருக்கணும்ண்ணே.

அதைச் சொல்லாதீங்க. இவ்வளவு சுத்தமான வேலைய நீங்க பாத்ததில்லன்னு என்கிட்ட சொல்லாதீங்க.

கொஞ்சம் தண்ணி குடுங்கண்ணே.

அப்புறம் ஏன் நிக்கலன்னு கேக்கறீங்க. நீங்க கேப்பீங்கன்னு தெரிஞ்சுதான் வந்தேன் போலருக்கு. ரோட்டுல கெடக்கும்போது அவரும் அதைத்தான் கேட்டாரு. பிரேக் பிடிக்கலைங்கன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவரு போட்ட பிரேக் பிடிக்கலன்னு அவரு எடுத்துக்கிட்டாரு. நான் சொன்னது, நான் பிடிக்கலன்னு. லாரியப் பாத்ததும் ரெண்டு கையும் கைப்பிடியக் கெட்டியாக் கவ்விக்கிச்சு, விரலு பிரேக் பக்கம் போகவே இல்ல. கால் பிரேக்கும் மிதிக்கல. பிடி, பிடின்னு அவரு கத்தினது நல்லாக் கேட்டுச்சு.

அன்னைக்கே சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில அவங்க அம்மா இருந்தாங்க. மறுநாள் ஆபரேஷன். அப்புறம் அவரு அழ ஆரம்பிச்சுட்டாரு, அதுக்கப்புறம் எப்படிண்ணே சொல்லுவேன்?

நீங்க ஒரு எட்டு வீட்டுக்கு வர்றீங்களா? நாலு தெரு தள்ளித்தான். நீங்க ஒண்ணும் பேச வேணாம், நானே சொல்லிடறேன். சும்மா வாசப்படியில நில்லுங்க. தனியாப் போனா, கதவைத் திறந்ததும் சாப்டாச்சான்னு கேட்டுட்டு சமையக்கட்டுக்குப் போயிடுவேன்.