கை படாமல் ஒரு மிட்டாய்

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு ஆசிரியைகள். அம்மாப்பேட்டை தாண்டியதும் இளையவர் சொன்னார்:

"அந்த அமெரிக்கக் கதைய இனிமே நடத்தக் கூடாதுன்னு எச்.எம். சொல்லிட்டாருக்கா."

"கறுப்புப் பொண்ணக் கடைக்காரன் தொடாம சாமான் குடுக்கிற கதையா? ஏழாவது பிள்ளைங்க படிச்சிட்டு அழுதுச்சுங்கன்னியே?"

"அழுத வரைக்கும் பிரச்சினை இல்லக்கா. நடிக்க வெச்சதுதான் தப்பாப் போச்சு. கறுப்புப் பொண்ணா நடிக்க அத்தனை பேரும் கை தூக்குனாங்க. கடைக்காரனா நடிக்க ஒருத்தரும் வரல. காலனியிலேர்ந்து வர்ற பொண்ணுதான், 'நான் செய்றேன் மிஸ்'னு எந்திரிச்சா."

"செஞ்சாளா?"

"மிட்டாய மேசையில வெச்சு, கை படாம ஸ்கேலால தள்ளிவிட்டா. முகத்தக்கூடப் பாக்கல. கிளாஸே கைதட்டுச்சு. கறுப்புப் பொண்ணா நடிச்சவ, 'எப்படிடி அச்சு அசலா செஞ்ச?'ன்னு கேட்டா."

"அதுக்கு அவ என்ன சொன்னா?" என்றார் மூத்தவர். வெளியே நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நின்றது.

"'உங்க அப்பா கடையில எனக்கு இப்படித்தானேடி குடுப்பாரு'ன்னா."