அவள் இல்லாததால்

இந்த அறைக்குச் சமீபத்தில்தான் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பழைய சுவரைச் சுரண்டாமல், பிரைமர் போடாமல், மேலாகவே ஒரு பூச்சுப் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜன்னல் ஓரம் பாருங்கள், இப்போதே உப்பிக்கொண்டு வருகிறது. அடுத்த மழைக்கு உரிந்துவிடும். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பாதி வாழ்க்கையைப் பெயின்ட் கடையில் கழித்தவனுக்குச் சுவரைப் பார்க்காமல் உட்காரத் தெரியாது.

அக்கா கொடுத்த புகாரை வாசித்துக் காட்டினீர்கள். அதில் இருப்பதெல்லாம் சரிதான். அப்பாவிடம் பொய் சொன்னேன், அந்தப் பொய்யால் உயில் மாறியது, எல்லாம் நடந்ததுதான். ஆனால் 'சொத்துக்கு ஆசைப்பட்டு' என்று ஒரு வரி எழுதியிருக்கிறாள். அது மட்டும் தவறு. அதைத் திருத்த வேண்டும் என்றால் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

கீழே கடை, மேலே வீடு. இரண்டும் அப்பா சம்பாதித்தது. நிறத்தில் அவருக்கு அப்படி ஒரு கண். யாராவது ஒரு கிழிந்த திரைச்சீலையைக் கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்பார்கள். அப்பா வெள்ளை டப்பாவில் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குச்சியால் கலக்குவார். திரைச்சீலையில் தொட்டு வைத்தால் எங்கே தொட்டார் என்று தெரியாது. கலக்குகிற வேலையை என்னிடம் விட்டதில்லை. டப்பா இறக்குவது, கல்லாவில் உட்காருவது, டப்பாவில் மூடி இறுகிப்போனால் நெம்பித் திறப்பது, இவை என் வேலைகள்.

அம்மா நாங்கள் சின்னவர்களாக இருந்தபோதே போய்விட்டாள். அக்கா நன்றாகப் படித்துப் பல் டாக்டர் ஆனாள். கல்யாணம் ஆகி, விமானத்தில் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறாள். அவளை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பாப்பாதான். அவளுக்கு நரை விழுந்த பிறகும் பாப்பாதான். என்னை "டேய்" என்பார். அதில் எனக்கு வருத்தமில்லை. பையன்களை அப்படித்தானே கூப்பிடுவார்கள்.

நானும் கல்யாணம் செய்துகொண்டேன், அது நிலைக்கவில்லை. பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கிளை திறந்தேன், அதுவும் நிலைக்கவில்லை. அதில் நான் கையைச் சுட்டுக்கொண்டேன் என்று தெருவில் சொல்வார்கள். சுட்டது அப்பாவின் கை என்று அக்கா சொல்வாள்.

பிறகு அப்பாவுக்குச் சர்க்கரை முற்றிக் கண் போயிற்று. முதலில் நீலமும் பச்சையும் குழம்பின. அப்புறம் எல்லாமே போயிற்று. அவருக்கு முகம் மழித்தது, ஊசி போட்டது, குளியலறைக்குக் கூட்டிப்போனது எல்லாம் நான்தான். இதைச் சொல்லிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. யார் செய்தார்கள் என்று நாளைக்கு யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நாள் வக்கீல் வந்தார். நான்தான் நாற்காலி போட்டேன், டீ வாங்கிவந்து கொடுத்தேன். "நீ கீழே கடையைப் பாருடா" என்றார் அப்பா. போய்விட்டேன். மத்தியானம் அவருக்குத் தட்டில் சாப்பாடு வைக்கும்போது அவரே சொன்னார்.

"டேய், கடையும் வீடும் பாப்பா பேர்ல எழுதிட்டேன்."

"எனக்கு?"

"உனக்கென்னடா. நீ இருக்கற வரைக்கும் இங்கயேதான் இருக்கப்போறே. பாப்பா உன்னை வெளியே போன்னா சொல்லப்போறா?"

"என் பேரே இல்லையாப்பா அதுல?"

"உன் கையில எதுவும் நிக்காதுடா. நீ நல்லா இருக்கணும்னுதான் இப்படிப் பண்ணியிருக்கேன். கொஞ்சம் உப்பு வை."

உப்பு வைத்தேன். கோபம் வரவில்லை. அவர் சாப்பிட்டு முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில் பேசியபோது அவளுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. "நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே. அது உன் வீடு மாதிரிதான்டா" என்றாள். 'மாதிரி' என்ற சொல்லை அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. நல்ல எண்ணத்தில் சொன்னது. ஆனாலும் அந்தச் சொல் வெகு நாள் என்னோடு இருந்தது.

பொய்யை நான் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. அக்காவுக்கு ஏதோ சின்ன ஆபரேஷன். இரண்டு ஞாயிறு பேசவில்லை. எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள், அப்பாவிடம் சொன்னால் பயந்துவிடுவார், சொல்லாதே என்று. அப்பா என்னவோ காலையிலிருந்து அதையே பிடித்துக்கொண்டார். பாப்பா பேசலையே, பாப்பாவுக்கு என்ன, போன் போட்டுக் கொடு. நான் அவர் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். சர்க்கரைக்காரர் கால், சதையில் பட்டுவிடக் கூடாது, கவனமாக வெட்ட வேண்டும். எத்தனையாவது முறையோ அவர் கேட்டபோது, நிமிராமலே சொன்னேன்.

"பாப்பா போயிட்டாப்பா."

"எங்கே?"

"கார்ல போறப்ப அடிபட்டு. அங்கேயே எல்லாம் முடிச்சிட்டாங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் இருந்தேன்."

அவர் அழவில்லை. தண்ணீர் வேண்டும் என்றார். டம்ளரை எடுத்துக் கொடுப்பதற்குள் அவரே மேஜையில் துழாவிக் கீழே தள்ளிவிட்டார். நான் தரையைத் துடைத்துவிட்டு மறு காலுக்கு நகம் வெட்டினேன்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். தமாஷ் என்று சொல்ல முடியாது, ஆனால் தவறான செய்தி வந்துவிட்டது என்றாவது சொல்லியிருக்கலாம். சாயங்காலம் அவர் என்னை அருகில் உட்காரச் சொன்னார். கடைக்குப் போகாதே, என்கூட இரு என்றார். அப்படி அவர் சொன்னதே இல்லை. நான் உட்கார்ந்தேன்.

அக்கா குணமாகிப் பேசியபோது, அப்பாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றேன். நீ செத்துப்போய்விட்டதாகச் சொல்கிறார், இல்லை என்று சொன்னால் உடம்பெல்லாம் நடுங்குகிறது, நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார், டாக்டர் அவர் போக்கிலேயே விடச் சொல்கிறார் என்றேன். அக்கா அழுதாள். "அவர் நிம்மதியா இருந்தா போதும்டா. நான் பேசல. நீ பக்கத்துல இருக்கியே, அதுவே போதும்" என்றாள். பக்கத்து வீட்டு நர்ஸம்மாவிடமும் டீக்கடைக்காரரிடமும் அதையே சொன்னேன். அவர்கள் மாடிக்கு வந்து அப்பாவின் கையைப் பிடித்து, "விடுங்க பெரியவரே, கஷ்டப்படாம போயிட்டா" என்றெல்லாம் சொல்லிவிட்டு, படியிறங்கும்போது என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் நல்லவர்கள். யாராவது ஒருவர் கொஞ்சம் மட்டமானவராக இருந்திருந்தால், அப்பாவுக்கு முன்னாலேயே போட்டு உடைத்திருப்பார்.

அப்புறம் தினமும் சாயங்காலம் பாப்பா கதைதான். பாப்பா முதல் முதலில் சைக்கிள் ஓட்டியது, பாப்பா சிவப்புச் சாயத்தில் கையை விட்டுவிட்டுச் சுவரெல்லாம் அச்சு வைத்தது. கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒரு நாள், "என்னைப் பத்தி ஏதாவது சொல்லுங்கப்பா" என்றேன். அவர் வெகு நேரம் யோசித்தார். நிஜமாகவே முயன்றார், அதை நான் மறுக்க மாட்டேன். கடைசியில், "நீயும் அப்பல்லாம் கூடத்தாண்டா இருந்தே" என்றார்.

வக்கீலைத் திரும்பக் கூப்பிடச் சொன்னது அப்பா. நான் வாய் திறக்கவில்லை. வக்கீல் ஊரின் மறுகோடியில் இருப்பவர். அப்பா தெளிவாக இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். தெருவுக்கோ அப்பா கலங்கிவிட்டார் என்று தெரியும். இரண்டு தரப்பும் சந்தித்துக்கொள்ள வேண்டிய அவசியம் வரவில்லை. இந்த முறை என்னைக் கீழே போகச் சொல்லவில்லை. எழுதி முடித்து வக்கீல் வாசித்தார். 'என் மகள் இப்போது இல்லாததால், என் சொத்துக்கள் யாவும் என் மகனைச் சேர வேண்டியது.'

"அந்த முதல் பாதி வேணுமா சார்? மகனுக்குன்னு மட்டும் போட்டா போதாதா?" என்று கேட்டேன்.

"ஏண்டா, அதானே உண்மை" என்றார் அப்பா. கைநாட்டு வைத்தார்.

பாருங்கள், சொத்துதான் வேண்டும் என்றால் அன்றோடு எனக்குத் திருப்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அக்கா வந்தாள். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை, ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கிளம்பி வந்துவிட்டாள். வருகிற வழியிலேயே அவளிடம் சொன்னேன், பக்கத்தில் உட்காரலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது, குரல் கேட்டால் அவர் நெஞ்சு தாங்காது என்று. தலையை ஆட்டினாள். அப்பாவிடம், "புது நர்ஸுப்பா. அவங்களுக்கு நம்ம பாஷை தெரியாது" என்றேன்.

அவள் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா அவள் விரல்களைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "உங்களுக்குப் புரியாது, இருந்தாலும் சொல்றேன்மா. எனக்கு ஒரு பொண்ணு இருந்தா" என்று ஆரம்பித்தார். அக்கா கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு கேட்டாள். அவள் இருந்த நாளெல்லாம் இப்படித்தான். நான் கூடவே இருந்தேன். அவள் வாயைத் திறந்துவிடுவாளோ என்று ஒரு கணம்கூட எனக்குப் பயம் வரவில்லை. அப்பா மனம் நோகக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தாள்.

அவள் ஊருக்குப் போன மறுநாள் அப்பா மாடிப்படியில் விழுந்து இறந்துபோனார். அதை உங்களிடம் ஏற்கனவே சொல்லியிருக்கிறேன். அக்கா திரும்ப வந்தாள். வக்கீல் உயிலை வாசித்தார். 'என் மகள் இப்போது இல்லாததால்' என்ற இடத்தில் அவள், "நான் இருக்கேனே" என்றாள். சின்னக் குழந்தை சொல்வதுபோலச் சொன்னாள். வக்கீல் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்படித்தான் நான் இங்கே வந்தேன்.

இனி நீங்கள் கேட்காதது.

அப்பா விழுந்த அன்று காலை அவர் தானே எழுந்து தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"டேய், பாப்பாவுக்குப் போன் போடு."

"அப்பா, என்னப்பா இது?"

"அந்தச் சுண்டு விரல்டா. சின்ன வயசுல கடை ஷட்டர்ல மாட்டிக் கோணிப்போச்சே. எனக்குத் தெரியாதா? கேட்டா இல்லைன்னு ஆயிடுமோன்னு பயந்துகிட்டுப் பேசாமலே இருந்தேன். ராத்திரி பூரா யோசிச்சேன். அவதான்டா. உசுரோட இருக்கா."

சிரித்தார். கண் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் காத்திருந்தேன். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்பார், பதில் சொல்லலாம் என்று நின்றேன். திட்டியிருக்கலாம், கை நீட்டி அடித்திருக்கலாம். அடித்திருந்தால் அந்த நிமிஷமே போனைக் கையில் கொடுத்திருப்பேன். அவருக்கு அந்தக் கேள்வியே தோன்றவில்லை. அவள் இருக்கிறாள், அது போதும். பொய் சொன்னவனாகக்கூட அவர் மனத்தில் எனக்கு இடமில்லை.

"போன் எங்கடா?" என்றார்.

"கீழே கடையில இருக்குப்பா" என்றேன். என் சட்டைப் பையில் இருந்தது.

"வா, போலாம்" என்று எழுந்தார்.

படி தொடங்குகிற இடத்தில் ஒரு கம்பிக் கதவு உண்டு. அவர் தெரியாமல் போய்விடக் கூடாது என்று நான்தான் போட்டேன். அதைத் தாழிட மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. அவர் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தபோது நான் முன்னால் போய்ச் சத்தமில்லாமல் திறந்து வைத்தேன். திறந்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றேன். அவர் சுவரைத் தடவிக்கொண்டே வேகமாக வந்தார். கிட்ட வந்ததும் நின்றார்.

"படி வந்துடுச்சாடா?"

"இன்னும் இல்லப்பா. வாங்க" என்றேன்.

நான் தள்ளவில்லை. தொடக்கூட இல்லை.

கீழே இறங்கிப் போனேன். உயிர் இருந்தது. அவர் தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். "பாப்பாவா?" என்று கேட்டார். "ஆமாம்ப்பா" என்றேன். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அடங்குகிற வரை விடவில்லை, அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தார். கடையும் வீடும் அக்காவே எடுத்துக்கொள்ளட்டும். கடைசியில் அப்பா பிடித்துக்கொண்டு போனது என் கையை, அவள் கையை இல்லை. மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், அதை மட்டும் நான் சொன்னபடியே எழுதுங்கள்.